பொன்னா செம்பா: இன்சுலினை எங்கே வெட்டுவது என்று நொதிக்கு எப்படித் தெரிகிறது?

'செம்பொன்பதின்றொடி' என்று ஒரு தொடரைப் பழைய இலக்கண உரைகளில் காட்டுவார்கள். செம்பொன் பதின்றொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின்றொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எழுத்தெல்லாம் அதேதான். வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொன் செம்பாகிவிடுகிறது. கணையத்தில் இன்சுலின் உருவாகும் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொடர்தான் நினைவுக்கு வரும்.

ஏனென்றால் கணையம் இன்சுலினை நேரடியாக இன்சுலினாகச் செய்வதில்லை. நீளமான ஒரு சங்கிலியைச் செய்து, அதைப் பதம் பிரித்துத்தான் இன்சுலினை எடுக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகை எழுத்துகளால் எழுதிய நீண்ட சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணையத்தில் இன்சுலின் செய்யும் செல்லான பீட்டா செல் முதலில் எழுதுவது 110 எழுத்து. முதல் 24 எழுத்து வெறும் முகவரிச் சீட்டு. 'இந்தப் புரதம் வெளியே போக வேண்டியது' என்று சொல்லி, செல்லுக்குள் புரதங்கள் மடியும் அறையான எண்டோபிளாச வலைக்குள் கூட்டிக்கொண்டு போகும், உள்ளே நுழைந்ததும் கிழித்து எறியப்படும். மிச்சம் 86. இதற்குத்தான் புரோஇன்சுலின் என்று பெயர்.

அந்த 86-இன் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. முதல் 30 எழுத்து பி சங்கிலி. அடுத்து இரண்டு ஆர்ஜினின். அடுத்து 31 எழுத்து நீளமுள்ள சி-பெப்டைடு. பிறகு ஒரு லைசின், ஒரு ஆர்ஜினின். கடைசி 21 எழுத்து ஏ சங்கிலி. நமக்கு வேண்டியது பி-யும் ஏ-யும் மட்டுமே: 30 கூட்டல் 21, ஆக 51. நடுவில் இருப்பது கழிவு. (பி முன்னால், ஏ பின்னால் என்று வரிசை தலைகீழாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஃபிரெடரிக் சாங்கர் இன்சுலினின் எழுத்துவரிசையைக் கண்டுபிடித்து 1958-இல் நோபல் பரிசு வாங்கியபோது, இரண்டும் ஒரே சங்கிலியாகப் பிறப்பவை என்றே யாருக்கும் தெரியாது.)

வெட்டி எறியப்போகும் ஒன்றை எதற்காகச் செய்ய வேண்டும்? இன்சுலினில் ஆறு சிஸ்டீன்கள் உள்ளன. அவை இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று கந்தகப் பாலங்கள் ஆகின்றன. ஆறு பேரை மூன்று இணைகளாகப் பிரிக்க 15 வழி உண்டு. அதில் ஒன்றுதான் இன்சுலின். ஏ-யையும் பி-யையும் தனித்தனியாகச் செய்து ஒன்றாகக் கலந்தால் தவறான இணைகள் நிறையச் சேரும். 1960-களில் அமெரிக்கா, ஜெர்மனி, சீனா என மூன்று நாட்டு வேதியியலாளர்களும் இன்சுலினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். எல்லோரையும் படுத்தியது இந்தச் சேர்ப்பு வேலைதான். செல்லோ இரண்டு சங்கிலிகளையும் சி-பெப்டைடு என்னும் கயிற்றால் கட்டியே பெற்றெடுக்கிறது. கயிறு இருக்கும்போதே மடிந்து, பாலங்கள் சரியாக அமைந்தபிறகு கயிற்றை அறுக்கிறது.

இதைக் கண்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டைனர். இன்சுலின் சுரக்கும் கட்டி ஒன்றின் துண்டுகளைக் கதிரியக்க அமினோ அமிலத்தோடு வைத்துப் பார்த்தபோது, இன்சுலினைவிடப் பெரிய புரதம் ஒன்று முதலில் தோன்றியது, பின்னரே இன்சுலின் அளவுள்ளது வந்தது. பெரியதன் மீது டிரிப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதியைச் சேர்த்தார்கள். இன்சுலினை ஒத்த ஒன்று வெளியே வந்தது. 1967-இல் வெளியான செய்தி இது. அந்த டிரிப்சினை நினைவில் வையுங்கள், பிறகு தொழிற்சாலைக்குப் போகும்போது தேவைப்படும்.

இப்போது கேள்விக்கு வருவோம். எந்த நொதியானாலும், அது எந்தப் பொருளைப் பிடித்து மாற்றுகிறதோ அந்தப் பொருள் அதன் தளப்பொருள். ஒரு நொதி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதே அதன் தேர்வுத்தன்மை. பாக்குவெட்டியால் பாக்கைச் சீவலாம், தேங்காயை உடைக்க முடியாது. பாக்கு உட்காரும் குழிவு அதில் இருக்கிறது, தேங்காய்க்கு இல்லை. நொதியும் இப்படித்தான், ஆனால் ஒரு சிக்கல் கூடுதல். புரதத்தில் எழுத்துக்கு எழுத்து உள்ள பெப்டைடு பிணைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். 86 எழுத்தில் 85 பிணைப்பு. வெட்டப்படும் பிணைப்பைப் பார்த்து மட்டும் நொதியால் எதையும் முடிவுசெய்ய முடியாது. பக்கத்தில் நிற்கும் எழுத்துகளைத்தான் அது தடவிப் பார்க்கிறது.

டிரிப்சினை எடுத்துக்கொள்வோம். நாம் தின்னும் பருப்பையும் மீனையும் குடலில் நறுக்குவது இதுவும் இதன் உறவுகளும். டிரிப்சினின் வெட்டுமிடத்தை ஒட்டி ஆழமான ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தின் அடியில் எதிர்மின்சுமையுள்ள அஸ்பார்ட்டேட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. லைசினும் ஆர்ஜினினும் நீளமான பக்கக் கை உடையவை. கையின் நுனியில் நேர்மின்சுமை. கை பள்ளத்துக்குள் வாள் உறைக்குள் போவதுபோல் இறங்கி, நேரும் எதிரும் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அந்த எழுத்துக்கு வலப்பக்கம் உள்ள பிணைப்பு கத்தியின் வாயில் வந்து நிற்கும். வெட்டு. டிரிப்சினின் பங்காளியான கைமோடிரிப்சினிலும் கிட்டத்தட்ட இதே கட்டமைப்புதான். ஆனால் பள்ளத்தின் அடியில் அஸ்பார்ட்டேட்டுக்குப் பதில் செரின். அதனால் அதற்கு லைசின் பிடிக்காது. பினைல்அலனின், டைரோசின் போன்ற பருத்த, எண்ணெய்த்தன்மையுள்ள எழுத்துகளே பிடிக்கும்.

ஆக, டிரிப்சினின் விதி: லைசின் அல்லது ஆர்ஜினின் கண்டால் அதன் வலப்பக்கம் வெட்டு. இந்த விதியோடு மனிதப் புரோஇன்சுலினின் 86 எழுத்தையும் ஓட்டிப் பாருங்கள். லைசினோ ஆர்ஜினினோ மொத்தம் எத்தனை? ஆறுதான்! 22-இல் ஆர்ஜினின், 29-இல் லைசின், 31, 32-இல் ஆர்ஜினின்கள், 64-இல் லைசின், 65-இல் ஆர்ஜினின். 31 எழுத்து நீளமுள்ள சி-பெப்டைடுக்குள் ஒன்றுகூட இல்லை. ஏ சங்கிலியிலும் இல்லை. முதன்முதலாக இதை எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது.

ஆறில் நான்கு, வெட்ட வேண்டிய மூட்டுகளில் இரண்டிரண்டாக நிற்கின்றன. மற்ற இரண்டும், அதாவது 22-உம் 29-உம், பி சங்கிலிக்குள்ளேயே தனித்தனியாக நிற்கின்றன. அங்கே வெட்டு விழக் கூடாது. 22-இல் விழுந்தால் பி சங்கிலியின் கடைசி எட்டு எழுத்து போய்விடும். இன்சுலின் ஏற்பியில் ஒட்டும் முக்கியமான பகுதி அது, போனால் மருந்தாகவோ ஹார்மோனாகவோ ஒன்றுக்கும் உதவாது. டிரிப்சினுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதன் கண்ணுக்கு ஆறும் ஒன்றுதான்.

ஆகவே பீட்டா செல் டிரிப்சினை வைத்துக்கொள்ளவில்லை. அது வைத்திருப்பது ஒற்றை எழுத்தில் திருப்திப்படாத நொதிகள். இவற்றுக்குப் புரோஹார்மோன் கன்வர்டேஸ் என்று பெயர். இன்சுலின் கதையில் வருபவை பி.சி.1/3, பி.சி.2 என்ற இரண்டு. (1/3 என்ற விநோதப் பெயருக்குக் காரணம், ஒரே நொதியை இரண்டு ஆய்வகங்கள் கண்டுபிடித்து ஒன்று பி.சி.1 என்றும் இன்னொன்று பி.சி.3 என்றும் பெயர் சூட்டியதுதான்.) இவை கேட்பது இரட்டை: லைசின்-ஆர்ஜினின் அல்லது ஆர்ஜினின்-ஆர்ஜினின் அடுத்தடுத்து நிற்க வேண்டும். ஒரு பள்ளத்துக்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம், இரண்டின் ஓரத்திலும் எதிர்மின்சுமை. ஒற்றைக் கை மட்டும் வந்தால் பிடி இறுகாது. இந்த ஒரு நிபந்தனையே 22-ஐயும் 29-ஐயும் காப்பாற்றிவிடுகிறது.

நொதியின் பார்வை இரண்டு எழுத்தோடு நிற்பதில்லை. வெட்டுக்கு இடப்புறம் நான்காவது எழுத்து வரை அது தடவுகிறது. முதல் மூட்டில் இடப்புற நான்கு எழுத்து: லைசின், திரியோனின், ஆர்ஜினின், ஆர்ஜினின். இரண்டாம் மூட்டில்: லியூசின், குளூட்டமின், லைசின், ஆர்ஜினின். நான்காம் இடத்தில் முதல் மூட்டுக்கு நேர்மின்சுமையுள்ள லைசின் இருக்கிறது. இரண்டாவதற்கு மின்சுமையற்ற லியூசின். பி.சி.1/3-க்கு முதல் மூட்டு பிடித்துப்போவதற்கு இது ஒரு காரணம். ஃபியூரின் என்று இவற்றின் அண்ணன் ஒருவர் உண்டு. உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் இருப்பவர். அவருக்கு நான்காம் இடத்தில் ஆர்ஜினினே வேண்டும். புரோஇன்சுலினில் இரண்டு மூட்டிலும் அது இல்லை. ஆய்வாளர்கள் மரபணுவைத் திருத்தி அந்த இடங்களில் ஆர்ஜினினை வைத்தபோது, இன்சுலினோடு சம்பந்தமே இல்லாத செல்கள்கூட ஃபியூரினைக்கொண்டு புரோஇன்சுலினை வெட்டி முழு இன்சுலினாக்கின. ஓர் எழுத்து மாறியதில் தளப்பொருளே வேறு ஆளுடையதாகிவிட்டது.

எழுத்து பொருந்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது. அது வெளியே தெரிய வேண்டும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இரட்டையைக் கத்தரி எட்டாது. புரோஇன்சுலினின் இரண்டு மூட்டுகளும் மேற்பரப்பில் தளர்வாகத் தொங்குபவை. இடமும் சரியாக வேண்டும்: பி.சி. நொதிகளுக்குக் கால்சியமும் அமிலச் சூழலும் தேவை. எண்டோபிளாச வலையில் அமிலத்தன்மை கிடையாது. செல்லுக்குள் புரதங்களைப் பொதிகட்டும் கோல்கையைத் தாண்டிச் சுரப்புத் துகள்களுக்குள் போனபிறகே காரகாடித்தன்மை (pH) 5.5 அளவுக்கு இறங்குகிறது. கந்தகப் பாலங்கள் அமையும்முன் யாரும் கயிற்றை அறுத்துவிடாதபடி இந்த ஏற்பாடு.

துகளுக்குள் நடப்பது இப்படி. பி.சி.1/3 முதல் மூட்டில், 32-க்குப் பின்னால் வெட்டுகிறது. இப்போது பி சங்கிலியின் வாலில் தேவையில்லாத இரண்டு ஆர்ஜினின் தொங்கும். கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ என்ற மூன்றாவது நொதி வந்து அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்கும். இதன் தேர்வுத்தன்மை வேறு ரகம்: சங்கிலியின் நடுவில் இது கைவைக்காது. வால்முனையில் லைசினோ ஆர்ஜினினோ நின்றால் மட்டும் எடுக்கும். அவை தீர்ந்து திரியோனின் வெளிப்பட்டதும் நின்றுவிடும். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த எழுத்து அதற்குப் பிடிக்காதது, அவ்வளவுதான். அடுத்து பி.சி.2 இரண்டாம் மூட்டை வெட்டுகிறது. முழுப் புரோஇன்சுலினைவிட, முதல் மூட்டு வெட்டப்பட்டு வால் சுத்தமான வடிவத்தையே பி.சி.2 விரும்புகிறது. ஒரு நொதி போட்ட வெட்டு இன்னொன்றின் தளப்பொருளைச் செய்து கொடுக்கிறது.

பாடநூல்கள் சொல்லும் இந்த வரிசை எலி, சுண்டெலி ஆய்வுகளின் மீது கட்டப்பட்டது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதப் பீட்டா செல்லில் பி.சி.2 கிட்டத்தட்ட இல்லை, இரண்டு மூட்டையும் பி.சி.1/3 தனியாகவே வெட்டுகிறது என்று வாதிட்டது. இரண்டு கத்தரிக் கதையை அப்படியே மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு இதையும் சொல்லிவைப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் இன்சுலின் துத்தநாகத்தோடு ஆறாறாகச் சேர்ந்து படிகமாகி உட்காரும். அறுத்தெறிந்த சி-பெப்டைடு அதே துகளில் பக்கத்தில் மிதக்கும். துகள் திறக்கும்போது இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரத்தத்தில் கொட்டும். சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு மருத்துவர் 'சி-பெப்டைடு டெஸ்ட்' எழுதித் தருவது இதனால்தான். ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு இருக்காது; இரத்தத்தில் இருப்பதெல்லாம் சொந்தக் கணையம் வெட்டி எறிந்தது. கழிவை எண்ணி உற்பத்தியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

எழுத்தோ கத்தரியோ பழுதானால் என்ன ஆகும்? இரண்டுக்கும் உண்மையான சான்றுகள் உள்ளன. 1976-இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள்: தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் இன்சுலின் போன்ற ஒன்று அளவுக்கு மீறி இருந்தது, ஆனால் அது இன்சுலின் அல்ல. இத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் பிறகு கண்டறியப்பட்ட காரணம், 65-ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறியிருந்தது. அவ்வளவே. இரண்டாம் மூட்டை நொதியால் அடையாளம் காண முடியவில்லை. சி-பெப்டைடு ஏ சங்கிலியோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்தது. கத்தரி பழுதான கதை 1990-களில் வந்தது. சிறு வயது முதலே கடும் உடல்பருமன், சாப்பிட்டபின் சர்க்கரை திடீரென்று இறங்குதல், புரோஇன்சுலின் ஏராளம், இன்சுலின் மிகக் குறைவு என்று ஒரு பெண். அவருடைய பி.சி.1/3 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. அதே காலத்தில், பருத்துப்போகும் ஒரு சுண்டெலி இனத்தின் குறைபாடு கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ-யில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது என்றும் தெரிந்தது. பெண்ணுக்கும் எலிக்கும் உடல்பருமன் வந்தது தற்செயல் அல்ல. இந்த நொதிகள் இன்சுலினுக்கு மட்டும் வேலை செய்பவை அல்ல. பசியை அடக்கும் மூளை ஹார்மோன்களின் முன்வடிவங்களையும் வெட்டிக் கொடுப்பவை.

செம்பொன்பதின்றொடிக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு இன்சுலினின் அண்டைவீட்டில் உண்டு. புரோகுளூகாகன் என்ற ஒரே சங்கிலி கணையத்தின் ஆல்ஃபா செல்லிலும் குடலின் எல் செல்லிலும் செய்யப்படுகிறது. கணையத்தில் அதை வெட்டுவது பி.சி.2, கிடைப்பது குளூகாகன், இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது. குடலில் வெட்டுவது பி.சி.1/3, கிடைப்பது ஜி.எல்.பி.-1, சர்க்கரையை இறக்குவது. இன்று உடல் எடைக் குறைப்புக்குப் பேர்போன செமாகுளூடைடு ஊசி இந்த ஜி.எல்.பி.-1-இன் சாயலில் செய்ததுதான்.

இனித் தொழிற்சாலை. 1982-இல் மரபணுப் பொறியியல் இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்பத்தில் ஏ, பி சங்கிலிகளைத் தனித்தனி பாக்டீரியாக்களில் வளர்த்துச் சேர்த்தார்கள். பழைய 15 வழிச் சிக்கல் கூடவே வந்தது. பிறகு புரோஇன்சுலினையே பாக்டீரியாவில் செய்து, மடித்து, வெட்டும் வழிக்கு மாறினார்கள். எதைக்கொண்டு வெட்டுவது? ஸ்டைனர் குழு 1971-இலேயே செய்துகாட்டியிருந்தது: டிரிப்சினும் கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யும். முதலாவது மூட்டுகளை வெட்டும். இரண்டாவது வாலில் தொங்கும் லைசினையும் ஆர்ஜினினையும் உரித்தெடுக்கும். செல்லின் நாசூக்கான கூட்டணிக்குக் கடைச்சரக்கில் கிடைத்த மாற்று.

ஆனால் டிரிப்சினுக்கு இரட்டை வேண்டாமே! 22-ஐ மடிப்பு ஓரளவு காக்கிறது. 29-தான் தலைவலி. வால்முனைக்குப் பக்கத்தில் தளர்வாக நிற்கும் லைசின் அது. அங்கே வெட்டு விழுந்தால் 30-ஆம் எழுத்தான திரியோனின் கழன்றுபோன இன்சுலின் கலப்படமாக உருவாகும். ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் பிரித்தெடுப்பதும் சிரமம். நொதியின் அளவு, நேரம், வெப்பம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு வெட்டுக்குப் பயந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே வெட்டை வேண்டுமென்றே போட்டவர்களும் உண்டு. பன்றி இன்சுலினும் மனித இன்சுலினும் ஒரே ஓர் எழுத்தில்தான் வேறு: 30-ஆம் இடத்தில் பன்றிக்கு அலனின், நமக்குத் திரியோனின். தண்ணீர் குறைவாகவும் திரியோனின் எஸ்டர் நிறையவும் உள்ள கலவையில் டிரிப்சினைப் போட்டால், 29-க்குப் பின்னால் அலனினை வெட்டிவிட்டு அந்த இடத்தில் திரியோனினை ஒட்டவைக்கும். நொதிக்கு வெட்டவும் தெரியும், சூழலைப் புரட்டினால் ஒட்டவும் தெரியும். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பன்றி இன்சுலினை இப்படித்தான் மனித இன்சுலினாக மாற்றி விற்றது.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 30-ஆம் எழுத்து இல்லாத இன்சுலினும் நன்றாகவே வேலை செய்கிறது; அந்த எழுத்தை விட்டுவிட்டு, 29-ஆம் லைசினின் பக்கக் கையில் கொழுப்பமிலம் ஒன்றைக் கட்டினால் அது இரத்தத்தின் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்கிறது. டெடெமிர், டெக்லூடெக் என்று மருந்தாக வந்த இரண்டும் 30-ஆம் எழுத்து இல்லாதவை. ஒரு தொழிற்சாலையின் கலப்படம் இன்னொன்றின் கச்சாப்பொருள்.

கிளார்ஜின் என்னும் நீண்ட நேர இன்சுலின் ஊசி போடுபவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதன் எழுத்துவரிசையைப் பாருங்கள்: ஏ சங்கிலியின் கடைசி எழுத்து கிளைசினாக மாற்றப்பட்டிருக்கும், பி சங்கிலியின் வாலில் 31, 32 என்று இரண்டு ஆர்ஜினின் அப்படியே தொங்கும். செல்லுக்குள் கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ உரித்தெடுக்கும் அதே இரண்டு. அவற்றின் கூடுதல் நேர்மின்சுமையால் இந்த இன்சுலின் அமிலக் கரைசலில் தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கடியில் போய் அமிலம் தணிந்ததும் நுண்துகள்களாகப் படிந்து, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரையத் தொடங்கியதும் உடம்பின் நொதிகள் வால்முனையில் நிற்கும் அந்த இரண்டு ஆர்ஜினினையும் கண்டு நறுக்கிவிடுகின்றன. கிளார்ஜின் போட்டவரின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வால் இல்லாத வடிவம்தான்.